பிள்ளை வளர்வது யார் கையில்? அங்கன்வாடி வாசலில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஊர்க்காரர்களுக்கு அது இன்றைக்கும் பால்வாடிதான். காலையில் பிள்ளையை விட வந்தவர்கள் வாசலில் நின்றபடியே கேட்ட கேள்விகள் இவை. சிலர் எடை போடும் நாளில், மற்றவர்கள் எல்லாம் போகட்டும் என்று காத்திருந்து தனியாகக் கேட்டார்கள். பதிலில் நான் கண்ணால் பார்த்ததும் இருக்கிறது, வேறு நாடுகளில் பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தவர்கள் கண்டுபிடித்ததும் இருக்கிறது.

கைக்குழந்தைக்கு என்ன தெரியும்? அதோடு பேசி என்ன ஆகப் போகிறது?

பிறக்கும்போது குழந்தையின் மூளை பெரியவர்கள் மூளையில் ஏறக்குறைய கால்வாசி அளவுதான். ஐந்து வயதுக்குள் அது தொண்ணூறு சதவீதத்தை எட்டிவிடுகிறது. முதல் சில வருடங்களில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான புதிய நரம்பு இணைப்புகள் உண்டாகின்றன. அத்தனையும் நிலைப்பதில்லை. ஆள் நடக்க நடக்கத்தான் வரப்போரம் ஒற்றையடிப் பாதை விழும், நடக்காத தடத்தில் புல் மண்டிவிடும் அல்லவா? மூளையிலும் அப்படித்தான். திரும்பத் திரும்பப் பயன்படும் இணைப்பு நிலைக்கிறது, மற்றது உதிர்கிறது.

நம் ஊர்ப் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, பேரப்பிள்ளையைக் காலில் கிடத்தி வெந்நீர் ஊற்றும்போது கவனித்துப் பாருங்கள். "என்னடா தங்கம், சுடுதா?" என்று கேட்டுவிட்டு ஒரு கணம் நிறுத்துவார்கள். பிள்ளை "ங்ஙா" என்னும். "அப்படியா, சுடலையா?" என்று பாட்டி அடுத்ததைத் தொடங்குவாள். நான் சொன்னதற்கு எதிரே இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார், பதில் சொல்கிறார் என்பதைத்தான் பிள்ளை முதலில் கற்றுக்கொள்கிறது.

அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாயை, கொஞ்ச நேரம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருக்கச் சொன்னார். பிள்ளை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் கொடுக்கிறது. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அழுகிறது. இரண்டே நிமிடத்துக்குள் இவ்வளவும். அம்மா திரும்பக் கொஞ்சியதும் கொஞ்ச நேரத்தில் சமாதானமாகிவிடும். ஆனால் அந்த முகம் நாள் முழுக்கப் போனைப் பார்த்துக் குனிந்தே இருந்தால் பிள்ளை யாரிடம் போகும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

வேளாவேளைக்குச் சோறு, சுத்தமான துணி, மருந்து எல்லாம் கொடுத்தால் பிள்ளை தானாக வளர்ந்துவிடாதா?

வளராது. இதை உலகம் ருமேனியாவில் மிகக் கொடுமையான விதத்தில் தெரிந்துகொண்டது.

அந்த நாட்டை ஆண்ட நிகோலே சௌசெஸ்கு 1966இல் அங்கே கருக்கலைப்பைத் தடை செய்தார். மக்கள்தொகை பெருகினால் நாடு முன்னேறும் என்று நினைத்தார். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்க்க வழியில்லை. பெற்றோர் பிள்ளைகளை அரசு விடுதிகளில் விட்டார்கள். 1989இல் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது அந்த விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அனாதைகள் அல்ல, தாய் தகப்பன் உயிரோடு இருந்தவர்கள். வரிசை வரிசையாகக் கட்டில்கள். ஒரு பணியாளருக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகள், அவரும் முறை மாற்றி முறை மாற்றி வருகிறவர். உள்ளே போய்ப் பார்த்தவர்களை உலுக்கியது அங்கே நிலவிய அமைதி. அழுதால் யாரும் வருவதில்லை என்று தெரிந்த பிள்ளை அழுவதை விட்டுவிடுகிறது.

2000ஆம் ஆண்டு வாக்கில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா என்ற மூன்று ஆய்வாளர்கள் தலைமையில் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஆறு மாதத்திலிருந்து முப்பத்தோரு மாதம் வரை வயதுள்ள, விடுதியில் இருந்த 136 பிள்ளைகள். பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். அந்த நகரில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே பேருக்குத்தான் இருந்தது, ஆட்களைத் தேடிப் பயிற்சி கொடுத்து அவர்களே உருவாக்க வேண்டியிருந்தது. நாலரை வயதில் அறிவுத்திறனை அளந்தபோது, சொந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் சராசரி 109. வளர்ப்பு வீட்டுக்குப் போனவர்களுக்கு 81, விடுதியிலேயே இருந்தவர்களுக்கு 73. இரண்டு வயதுக்கு முன்பே வீடு கிடைத்தவர்கள் அதிகம் மீண்டார்கள். அறிவு மட்டுமல்ல, வீட்டுக்குப் போன பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் வேகமாக ஏறினார்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விடுதியில் வைக்கக் கூடாது என்று ருமேனியா 2004இல் சட்டம் போட்டது. இதை முதன்முதலில் படித்த நாளில், எடைத் தராசில் தூக்கி வைக்கும்போதெல்லாம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்த ஒவ்வொரு பிள்ளையும் நினைவுக்கு வந்தது.

அப்படியானால் அம்மா வேலைக்குப் போகக் கூடாதா? மாமியார் இதையேதான் சொல்கிறார்.

தாராளமாகப் போகலாம். இந்தக் கேள்வியைக் கேட்ட எத்தனையோ பெண்களின் கண் கலங்கியிருந்தது, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். குழந்தைக்குத் தாயின் அன்பு இடைவிடாமல் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதைப் பிடித்துக்கொண்டு பல நாடுகளில் பெண்களை வீட்டோடு இருக்கச் சொன்னார்கள். ஆனால் அவரோடு வேலை பார்த்த மேரி ஐன்ஸ்வொர்த், 1950களின் நடுவில் உகாண்டா கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது, பிள்ளைகள் அம்மாவிடம் மட்டும் ஒட்டிக்கொள்ளவில்லை. அப்பா, பாட்டி, கூடப் பிறந்தவர்கள் என்று பலரோடும் ஒட்டுதல் இருந்தது. நம் ஊரில் அப்பத்தா இடுப்பிலும் சித்தி மடியிலும் வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பார்த்துக்கொள்ளும் ஆள் அடிக்கடி மாறக் கூடாது. இரண்டு மூன்று பேர் என்றாலும் அதே இரண்டு மூன்று பேராக இருக்க வேண்டும். விட்டுவிட்டுப் போகும்போது ஒளிந்து நழுவாதீர்கள். "அம்மா வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அழட்டும். சொன்னபடி சாயங்காலம் வந்து நின்றால் நாலைந்து நாளில் பிள்ளைக்கு நம்பிக்கை வந்துவிடும்.

கேள்வியை மாமியாரோடு நிறுத்தவும் எனக்கு மனசில்லை. 2017 சட்டத் திருத்தம் முதல் நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் மகப்பேறு விடுப்பு. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஒரு வருடம். நல்லது. களை எடுக்கப் போகிறவளுக்கும், பூ பறிக்கப் போகிறவளுக்கும் எத்தனை நாள்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்குப் பணமும் சத்துப் பெட்டகமும் உண்டு. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குத் தாய்மாரோடு ஐந்து சிறு பிள்ளைகள் வந்தால், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. இது தெரியாமல் வேப்பமரத்தில் சேலையைத் தூளி கட்டிவிட்டு, மண் சுமக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கும் தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டு வாங்குங்கள்.

இரண்டரை வயசாகியும் பேசவில்லை. போனில் ரைம்ஸ் போட்டுக் காட்டினால் பேச்சு வருமா?

முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதியுங்கள். "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்காதீர்கள். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் காட்டினால், மாவட்டத்தில் இருக்கும் ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், செலவில்லை.

காதில் குறையில்லை என்றால் போனை எடுத்து வையுங்கள். சியாட்டிலில் பேட்ரிசியா கூல் என்ற அறிவியலாளர் செய்த சோதனை 2003இல் வெளிவந்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள், வீட்டில் ஆங்கிலம் மட்டும் கேட்டவர்கள். சீன மொழி பேசுகிறவர்கள் பன்னிரண்டு முறை வந்து அவர்களோடு தரையில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, விளையாடிப் பேசினார்கள். அந்தப் பிள்ளைகள் சீன மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டன. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே புத்தகம், அதே பன்னிரண்டு முறை, ஆனால் டிவியில். அந்தப் பிள்ளைகள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. திரைக்குப் பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று தெரியாது, அது "ங்ஙா" என்றால் நிறுத்திக் கேட்கவும் தெரியாது.

எங்கள் மையத்துக்கு இப்படி ஒரு பையன் வந்தான். வீட்டில் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துத்தான் பருப்புச் சோறு ஊட்டுவார்கள். பாட்டு நின்றால் வாய் மூடிக்கொள்ளும். எங்கள் ஆயா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கீரை ஆய்வார். "இது என்னது? தண்டு. இது? பூச்சி அரிச்ச இலை, வேணாம். நல்ல இலையைச் சட்டியில போடு." ஒவ்வொரு நாளும் இதேதான். அவன் தண்டைக் கொடுப்பான், ஆயா வாங்கி "தண்டு" என்பார். ஆறு வாரம் இருக்கும். ஒரு நாள் ஆயா யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்துபோய்த் திரும்பி வர, அவன் ஓர் இலையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டி "போது" என்றான். போடு என்கிறான். ஆயா இலையைப் போடவில்லை, அவனை வாரி எடுத்துக்கொண்டார்.

இரண்டு வயதுக்குள் திரை அறவே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. வெளியூரில் இருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவதை நான் இதில் சேர்க்க மாட்டேன். அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறார்.

எங்களுக்கு வசதி இல்லை. விளையாட்டுச் சாமான் வாங்க முடியாது. பிள்ளை பின்தங்கிவிடுமா?

வறுமை பிள்ளையைப் பாதிக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். சத்துக் குறைவு உயரத்தைக் குறைக்கிறது, கவனத்தைக் குறைக்கிறது. ஆனால் கடைச் சாமான் இல்லாதது ஒரு குறையே அல்ல.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், ஏழைக் குடியிருப்புகளில், சாலி கிராந்தம் மெக்ரெகர் என்ற மருத்துவர் 1980களில் 129 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள். சிலருக்குச் சத்துணவு, சிலருக்கு விளையாட்டு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. விளையாட்டு என்றால், சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து, வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்துப் பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடலாம் என்று அம்மாவுக்குக் காட்டுவார். இரண்டு வருடம். அவ்வளவுதான். இருபது வருடம் கழித்துப் பார்த்தால், விளையாட்டுக் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வெறும் சத்துணவு மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த அளவுக்கு நீடித்த பலன் தெரியவில்லை.

இதைச் சொல்லும்போது "அப்போ சோறு முக்கியமில்லையா?" என்று கேட்பார்கள். சோறு முக்கியம்தான். சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை, 1956இல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கியபோது பள்ளிக்குப் போகாத சிறு பிள்ளைகளையும் சேர்த்தார். 1989இல் முட்டை வந்தது, 2022 செப்டம்பரில் காலை உணவு. இந்த நூறு வருட உழைப்பு இல்லாவிட்டால் என் மையத்துக்குப் பாதிப் பிள்ளைகள் வந்திருக்கவே மாட்டார்கள். வயிறு நிறைந்த பிள்ளைதான் விளையாடும். ஆனால் தட்டில் சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து "இன்னைக்கு முட்டை, மஞ்சள் எங்கே ஒளிஞ்சிருக்கு பாரு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். இந்த ஒரு வார்த்தையை ஒவ்வொரு புதுப் பணியாளரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

சாமான் என்றால்: புளியங்கொட்டை (மூன்று வயதுக்கு மேல்தான், அதற்கு முன் வாயில் போட்டுக்கொள்ளும்), கொட்டாங்குச்சி, பழைய சேலைத் துணியில் கட்டிய பந்து, மூடியுள்ள டப்பாக்கள். போதும்.

"அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்." அடிக்காமல் வளர்த்தால் பிள்ளை கெட்டுப்போகாதா?

அடி உடனே பலிக்கும், அதனால்தான் எல்லோரும் அதை நம்புகிறார்கள். பிள்ளை நிறுத்திவிடுகிறது. ஆனால் ஏன் நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொள்வதில்லை, உங்கள் கண்ணில் படக் கூடாது என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. ஸ்வீடன் 1979இலேயே வீட்டிலும் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது, உலகில் முதல் நாடு. நம் நாட்டில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதற்குத் தடை போட்டது. வீட்டுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கோபம் வந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். பிள்ளை செய்ததைச் சரிசெய்யும் வேலையை அதனிடமே கொடுங்கள். மாவைக் கொட்டினால் துணியை எடுத்துக் கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள், நீங்களும் கூடவே துடையுங்கள்.

வீட்டில் குடியும் சண்டையும். பிள்ளையின் வாழ்க்கை அவ்வளவுதானா?

எடை போட்டு முடிந்த பிறகு தனியாக நின்று கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

பாதிப்பு உண்டு. அமெரிக்காவில் 9,500 பேருக்கு மேல் கேட்டறிந்து 1998இல் வெளியான ஓர் ஆய்வு, சிறுவயதில் வீட்டில் அடி, அவமானம், குடி, வன்முறை என்று பார்த்தவர்களுக்குப் பெரியவர்களான பிறகு மனச்சோர்வும் இதயநோயும்கூட அதிகம் என்று காட்டியது. ஓயாத பயம் உடம்புக்குள்ளேயே இறங்கிவிடுகிறது.

ஆனால் அவ்வளவுதான் இல்லை. ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு வறுமை, பிரசவச் சிக்கல், குடி, ஓயாத சண்டை எல்லாம் சேர்ந்த வீடு. அந்தப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாக, அன்பும் பொறுப்பும் உள்ளவராக வளர்ந்தார். அவர்கள் வாழ்க்கையில் யாரோ ஒருவர் நிலையாக இருந்தார். பாட்டி, தாத்தா, அத்தை, ஓர் ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர். அம்மாவோ அப்பாவோதான் என்று இல்லை.

ஆகவே அந்த அம்மாக்களிடம் இரண்டு விஷயம் சொல்வேன். அடி விழும் வீட்டில் நீங்கள் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, பெண்கள் உதவி எண் 181க்கு எந்த நேரமும் பேசலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. அப்புறம், பிள்ளை யாரிடம் ஓடிப் போய் ஒட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். அந்த ஆள் நல்லவர் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் அந்த உறவை வளர விடுங்கள். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அது வாசலில் வந்து நிற்கும்போது "வா, உட்காரு, சாப்பிட்டியா" என்று நீங்கள் கேளுங்கள்.

என் மகனுக்குப் பதினொரு வயது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

ஐம்பதைப் பற்றி எதற்கு இப்போதே? பதினொன்றில் நன்றாகவே வளையும். யோசித்து முடிவெடுக்கும் நெற்றிப் பக்க மூளை இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது, வளரிளம் பருவத்தில் இணைப்புகள் மறுபடியும் பெரிய அளவில் மாறுகின்றன. கவாய் தீவிலும், பதின்ம வயதில் தடம் மாறிப்போன பிள்ளைகளில் பெரும்பாலோர் முப்பதுகளில் திரும்பி வந்திருந்தார்கள். நல்ல வேலை, நல்ல துணை, படிப்பைத் தொடர ஒரு வாய்ப்பு என்று எதுவோ கிடைத்தது. சின்ன வயதில் கொடுப்பது சுலபம், பிறகு கொடுப்பது சிரமம். ஆனால் கதவு அடைபடுவதில்லை.

பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்று வளர்ப்பில் வித்தியாசம் வேண்டாமா?

வேண்டாம். பிறந்த பெண் குழந்தைகளைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலையில் இருந்த மாநிலம் இது. அன்றைக்குப் பிழைத்த பெண்கள் இன்று தாய்மார். வித்தியாசம் இப்போது சின்னச் சின்ன இடங்களில் ஒளிந்திருக்கிறது. நாலு வயது அண்ணன் கையில் பந்து, மூன்று வயது தங்கை கையில் சின்னத் துடைப்பம். வீட்டில் ஒரு முட்டை இருந்தால் யார் தட்டுக்குப் போகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

எல்லாம் பரம்பரை ரத்தம்தானே?

கொஞ்சம் உண்டு. கூச்சம், துறுதுறுப்பு எல்லாம் பிறவியிலேயே வருவதுதான், இரண்டு பிள்ளை பெற்றவர்களுக்கு இது தெரியும். விதை நெல் எதுவானாலும் தண்ணீர் பாயும் வயலில் ஒரு விதமாகவும் காய்ந்த வயலில் வேறு விதமாகவும் வரும். விதையை நம்மால் மாற்ற முடியாது, தண்ணீரை நாம்தான் பாய்ச்ச வேண்டும்.

பேரன் தினமும் ஒரே கதையைத்தான் கேட்கிறான். எனக்குச் சலித்துவிட்டது. வேறு கதை சொல்லட்டுமா?

சொல்லுங்கள், ஆனால் அந்தக் கதையையும் விட்டுவிடாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தனக்குத் தெரியும் என்பதில்தான் அவனுக்குச் சந்தோஷம். இன்று இரவு காக்கா வடையைத் தூக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். மீதியை அவனே சொல்வான். தப்பாகச் சொன்னாலும் இடைமறிக்காமல் "அப்புறம்?" என்று கேளுங்கள்.